எம்.பி.ஏ. சேர்க்கை: அவசரப்பட வேண்டியது எதில்? பொறுத்திருக்க வேண்டியது எதில்?





ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் நம் வீடுகளில் ஒரே காட்சி நடந்தேறுகிறது. மகன் பி.காம். அல்லது பி.பி.ஏ. இறுதித் தேர்வை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். "அடுத்து என்ன?" என்ற கேள்வி ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதே வாப்பாவைச் சூழ்ந்துகொள்கிறது. துபாயில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறார்: "ஒரு எம்.பி.ஏ.வைப் போட்டு விடுங்க மச்சான், அது இல்லாட்டி இங்கே மதிப்பே இல்லை." உம்மாவுக்கோ மகன் சும்மா இருந்தால் கெட்டுப்போவான் என்ற அச்சம். ஜூன் மாதம் ஒரு தரகர் வருகிறார். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்கிறார். வங்கிக் கடனையும் தாமே ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்திடுகிறார். எந்தத் தாளில்? வட்டிக் கடன் ஒப்பந்தத்தில்!

அதே வீட்டில் ஒரு மகளும் இருக்கிறாள். அண்ணனைவிட மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவள். அவளும் மேலாண்மைக் கல்வி பயில விரும்புகிறாள். அவளுக்குக் கிடைக்கும் பதில்: "கொஞ்சம் பொறும்மா, ஒரு வருஷம் போகட்டும்." அந்த ஒரு வருடத்திற்கு நாட்காட்டியில் தேதி கிடையாது.

நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். பொறுத்திருக்க வேண்டிய இடத்தில் நம் சமுதாயம் அவசரப்படுகிறது. அவசரப்பட வேண்டிய இடத்தில் பொறுத்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் இடத்திற்கும் வட்டிக் கடனுக்கும் இத்தனை வேகம். நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பிற்கும் மகள்களின் கல்விக்கும் இத்தனை தாமதம். இரண்டையும் 'தவக்குல்' என்ற அழகிய சொல்லால் மூடிவிடுகிறோம். இது மாற வேண்டும்.

எம்.பி.ஏ. என்பது எத்தகைய படிப்பு?

மருத்துவம் படிக்காதவர் மருத்துவம் பார்க்க முடியாது. சட்டம் படிக்காதவர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக வாதாட முடியாது. ஆனால், எம்.பி.ஏ. படிக்காதவர் வணிகம் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வணிகத்திற்குள் நுழைய அனுமதி தரும் சீட்டு அல்ல இந்தப் பட்டம். வணிகத்தில் கண்டதையும் பட்டதையும் ஒழுங்குபடுத்தி, அடுத்த படிக்கு ஏறக் கற்றுத்தரும் பயிற்சியே அது.

1961ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம், ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு உருவானது. அங்கிருந்து வந்த பயிற்று முறையின் அடிப்படை எளிமையானது. உண்மையான ஒரு நிறுவனத்தின் சிக்கலை மாணவர்கள் முன் வைப்பார்கள், "இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். ஒருவர் தொழிற்சாலையில் கண்டதைச் சொல்வார். இன்னொருவர் வங்கியில் கண்டதைச் சொல்வார். ஒரு பில் கூடப் போட்டறியாத, கடன் சொன்ன வாடிக்கையாளரை ஒருமுறை கூட எதிர்கொள்ளாத பிள்ளை அந்த உரையாடலில் எதைச் சொல்வான்? பாடநூலில் படித்ததைத் திருப்பிச் சொல்வான். இரண்டு ஆண்டு கழித்து அதே பாடநூலோடு வெளியே வருவான்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ஐதராபாத்திலும் மொகாலியிலும் இயங்கும் இந்திய வணிகப் பள்ளி, தன் முதன்மையான ஓராண்டுப் படிப்பிற்குப் பொதுவாக 24 மாதப் பணி அனுபவத்தை எதிர்பார்க்கிறது. அகமதாபாத்தில் பணி அனுபவம் உள்ளவர்களுக்கென்றே தனியாக ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அனுபவம் முதலில், பட்டம் பிறகு என்ற வரிசையை உயர்ந்த நிறுவனங்களே மதிக்கின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்திய மேலாண்மைக் கழகங்களின் ஈராண்டுப் படிப்பில் இளநிலை இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இருபத்தோரு வயதில் தன் தகுதியால் அத்தகைய ஓர் இடத்தைப் பெறும் பிள்ளையை "போகாதே, பொறு" என்று தடுப்பவர்கள் அல்ல நாம். நம் வாதம் அவனைப் பற்றியது அல்ல. எந்தக் கல்லூரி, என்ன பாடம், யார் ஆசிரியர், படித்தவர்களுக்கு எங்கே வேலை கிடைத்தது என்று எதையும் விசாரிக்காமல், "சும்மா இருக்க வேண்டாம்" என்ற ஒரே காரணத்திற்காகப் பணம் கட்டிச் சேர்க்கப்படும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம்.

சந்தையைக் காட்டுங்கள்!

மதீனாவுக்கு வெறுங்கையோடு ஹிஜ்ரத் வந்தார்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). அன்சாரித் தோழரான சஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியையே கொடுக்க முன்வந்தார்கள். அதை அவர்கள் ஏற்கவில்லை. பரக்கத்துக்காக துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டும்படி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வணிகம் அவர்களை மதீனாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவராக்கியது. புகாரியில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால், நம் மகனுக்குச் சந்தையைக் காட்டுவதைவிட, கடனில் ஓர் இருக்கையைக் காட்டுவதே நமக்குக் கௌரவமாகத் தெரிகிறது.

நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளைப் பொறுப்பேற்று ஷாம் தேசம் சென்றபோது, வணிகப் பாதையை அறியாதவர்களாகச் செல்லவில்லை. நேர்மையாளர் என்ற பெயரை முன்பே ஈட்டியிருந்தார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் அன்னையார் சரக்கை ஒப்படைத்தார்கள்.

நம் முன்னோரின் வரலாறும் இதுவே. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கடல் கடந்து கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வணிகம் செய்தவர்கள் கடையில் உட்கார்ந்தே கணக்கு கற்றார்கள். அவர்கள் கல்வியை வெறுத்தவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இல் எழுந்தன. வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைச் சமுதாயத்தின் கல்விக்கு வாரி வழங்கிய பெருமக்கள் இல்லாமல் அவை எழுந்திருக்க முடியாது. கடையை அறிந்தவர்கள் கல்லூரி கட்டினார்கள். இன்றோ கல்லூரியைக் காட்டிக் கடையை மறக்கச் சொல்கிறோம். வாப்பாவின் கடையில் மாலையில் இரண்டு மணி நேரம் உட்காருவதை இழுக்கு என்று கருதும் மகன், 'வணிக மேலாண்மை' படிக்கப் புறப்படுவதில் உள்ள முரண்பாடு நம் கண்ணில் படவில்லையா?

பிஸ்மில்லாஹ் சொல்லி எடுக்கும் வட்டி

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறோம்.

வட்டியைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையான வசனங்கள் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கின்றன என்பதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆயினும், கல்விக் கடன் என்று வந்தவுடன் "இது நிர்ப்பந்தம்தானே" என்று நமக்கு நாமே ஃபத்வா கொடுத்துக்கொள்கிறோம். நிர்ப்பந்தம் என்பது வேறு வழி அடைபட்டவருக்கு உரியது. இரண்டு ஆண்டு வேலை செய்து, சேமித்து, குறைந்த கட்டணமுள்ள இடத்திற்குத் தேர்வு எழுதிச் செல்லும் வழி கண்முன்னே திறந்திருக்கும்போது, அவசரத்தை நிர்ப்பந்தம் என்று அழைப்பது எவ்வகை நியாயம்? உங்கள் நிலை உண்மையிலேயே வேறு என்றால், நம்பகமான ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள். ஆனால், கையெழுத்திட்ட பிறகு அல்ல, அதற்கு முன்பே கேளுங்கள்.

"படிக்கும் காலத்தில் வட்டி இல்லை" என்று தரகர்கள் சொல்வதைப் பலர் நம்புகிறார்கள். வங்கிகளின் வழக்கமான கல்விக் கடனில், படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்பதுதான் சலுகை. வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு கணக்கிற்கு, 10 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் பெற்றதாக வைத்துக்கொள்வோம். தொகை முழுவதையும் தொடக்கத்திலேயே பெற்றிருந்தால், இரண்டு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடியும்போது, முதல் தவணை கட்டுவதற்கு முன்பே தனி வட்டி மட்டும் 3 லட்சம் ரூபாய். இருபத்து நான்கு வயது இளைஞன், வேலையின் முதல் நாளிலேயே 13 லட்சம் ரூபாய்ச் சுமையோடு நிற்கிறான். அவனால் ஹலாலான சிறு தொழிலைத் தொடங்க முடியுமா? வட்டி நிறுவனத்தில் வேலை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்? கடன் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. மறுத்துப் பேசும் உரிமையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது.

மறுபக்கத்தைப் பாருங்கள். அதே இளைஞன் ஒரு கணக்காளர் அலுவலகத்திலோ மொத்த வியாபாரக் கடையிலோ வேலைக்குச் சேர்ந்து, மாதம் 6,000 ரூபாய் மட்டும் ஒதுக்கி வைத்தால், இரண்டு ஆண்டில் அது 1,44,000 ரூபாய். பெரிய தொகை அல்லதான். ஆனால், தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி, அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் பெறுபவனுக்கு அது கட்டணத்தின் நல்லதொரு பகுதி. அதைவிடப் பெரியது, தன் காசில் படிக்கிறோம் என்ற உணர்வு.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். வரவிருக்கும் பஞ்சத்தை எண்ணி மக்களைக் கைகட்டிக் காத்திருக்கச் சொல்லவில்லை அந்த நபி. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடுங்கள், உண்பதற்கானது போக எஞ்சியதைக் கதிரோடு சேமியுங்கள் என்றே வழிகாட்டினார்கள். பொறுமை என்பது உழைப்பும் சேமிப்பும் கூடியது என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

இங்கே அவசரப்படுங்கள்

பொறுத்திருங்கள் என்று சொல்லும் நாமே இப்போது அவசரப்படுங்கள் என்கிறோம். எதில்? தயாரிப்பில்.

2006ஆம் ஆண்டு வெளியான சச்சார் குழு அறிக்கை ஒரு கணக்கைத் தந்தது. இந்திய மேலாண்மைக் கழகங்கள் அனைத்திலும் பயின்றோரில் முஸ்லிம்கள் சுமார் 1.3 விழுக்காடு, 4,743 பேரில் 63 பேர். அந்தக் கணக்கு பழையதுதான். ஆனால், உங்கள் தெருவில் கேட் என்னும் பொது நுழைவுத் தேர்வை எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் மிஞ்சும். அந்தக் கதவு நமக்கு மூடப்பட்டிருக்கிறது என்று புலம்புகிறோமே, நம்மில் எத்தனை பேர் போய்த் தட்டினோம்?

கேட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் மாத இறுதியை ஒட்டி நடக்கிறது. விண்ணப்பப் பதிவு ஆகஸ்ட் மாதமே தொடங்கிவிடும். மொழித்திறன், தரவு மற்றும் தர்க்கம், கணிதம் என மூன்று பகுதிகள்; மொத்தம் இரண்டு மணி நேரம். இளநிலைப் பட்டத்தில் பொதுப் பிரிவினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் 50 விழுக்காடு மதிப்பெண் போதும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. அதன் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். வெளிநாட்டுப் பள்ளிகள் ஏற்கும் ஜிமேட் மதிப்பெண்ணோ ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆகவே, தேர்வு எழுதுவதும் கல்லூரியில் சேருவதும் ஒன்றல்ல. வேலைக்குச் சென்றுகொண்டே தேர்வுக்குப் படிக்கலாம். முதல் ஆண்டு தேர்வின் தன்மையை அறியவும், அடுத்த ஆண்டு இடம் பெறவும் எழுதலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் நடைமுறையில் உள்ள 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மாநில அரசின் வரம்பிற்குள் மட்டுமே செல்லும். இந்திய மேலாண்மைக் கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டில்தான் நம் பிள்ளைகள் போட்டியிட முடியும். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், 'வளமான பிரிவினர் அல்லர்' என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இருந்துவிட்டு, கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுவதில் பயனில்லை. திருச்சியிலேயே 2011 முதல் இந்திய மேலாண்மைக் கழகம் இயங்கி வருகிறது. அது நம் ஊர்களிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நம் எண்ணத்தில்தான் தொலைவில் இருக்கிறது.

அங்கெல்லாம் கட்டணம் கூடுதல் என்பது உண்மையே. அகமதாபாத்தில் ஈராண்டுக்கு 25 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ஆனால், இக்கழகங்களில் குடும்ப வருமானத்தைக் கணக்கில் கொண்டு கட்டண உதவி தரும் ஏற்பாடுகள் உள்ளன. அவற்றை விசாரிப்பதும் அந்த இரண்டு ஆண்டு வேலைகளில் ஒன்று.

மகளுக்குச் சொல்லும் 'பொறு'

இதுவரை சொன்னதை எடுத்துக்கொண்டு, "பார்த்தாயா, பொறுக்கத்தான் சொல்கிறார்கள்" என்று எந்தத் தந்தையும் மகளிடம் போய்ச் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறோம்.

மகனிடம் சொல்லும் 'பொறு' என்பதற்கு, வேலைக்குப் போ, அனுபவம் பெறு என்று பொருள். மகளிடம் சொல்லும் 'பொறு' என்பதற்கு, மாப்பிள்ளை வரும் வரை வீட்டில் இரு என்று பொருள். சொல் ஒன்று; விளைவு இரண்டு. அவனுடைய காத்திருப்பு முடியும்போது கையில் அனுபவமும் சேமிப்பும் இருக்கின்றன. அவளுடைய காத்திருப்பு முடியும்போது மேடையும் மருதாணியும் மட்டுமே இருக்கின்றன. பிறகு "மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக்கொள்" என்று பொறுப்பை முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

மக்காவின் பெருவணிகர்களில் ஒருவராக விளங்கிய கதீஜா (ரலி) அவர்களின் பெயரை நம் மகள்களுக்குச் சூட்டி மகிழ்கிறோம். பெயர் மட்டும் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம் என்கிறோமா?

ஆகவே, மகளுக்கு நாம் சொல்லும் அறிவுரை வேறு. தகுதியால் பெறக்கூடிய, கட்டணம் தாங்கக்கூடிய, பாதுகாப்பான இடம் ஒன்று இருந்தால், அவள் இப்போதே விண்ணப்பிக்கட்டும். அல்லது, அண்ணனுக்குத் தரும் அதே இரண்டு ஆண்டுப் பணி வாய்ப்பை அவளுக்கும் கொடுங்கள். இதற்கிடையில் நல்ல சம்பந்தம் வந்தால், படிப்பைத் தொடர்வதை நிக்காஹ்வுக்கு முன்பே பெரியவர்கள் முன்னிலையில் பேசி, எழுத்தில் வையுங்கள். நிறைவேற்றுவதற்கு மிகவும் தகுதியான நிபந்தனைகள் திருமண உறவுக்காக ஏற்றுக்கொண்டவையே என்ற கருத்தில் புகாரியில் நபிமொழி உண்டு. தேதி குறிக்காத 'பொறு' என்பது அறிவுரை அல்ல, அது மறுப்பு. மறுப்பதென்றால் அதையாவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

எழும் மறுப்புகள்

"வேலைக்குப் போய்ச் சம்பள ருசி கண்டவன் திரும்பிப் படிக்க வரமாட்டான்" என்கிறார்கள். வராவிட்டால் என்ன? அவனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை என்பதை லட்சக்கணக்கில் செலவழிக்காமலேயே அறிந்துகொண்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ்.

"எம்.பி.ஏ. என்றால்தான் நல்ல இடத்தில் பெண் கொடுப்பார்கள்" என்கிறார்கள். அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் அச்சிட மூன்று எழுத்து வேண்டும் என்பதற்காக வட்டியில் மூழ்குவது, மஹர் கொடுக்க வேண்டியவனைக் கடன்காரனாக மணமேடையில் உட்கார வைப்பது. பெண்ணின் தந்தை ஒழுக்கத்தையும் உழைப்பையும் விசாரிக்கட்டும்.

"ஐந்து வருவதற்கு முன் ஐந்தைப் பயன்படுத்து என்று ஹதீஸ் இருக்கிறதே, இளமையை வீணாக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வீணாக்கக் கூடாது என்றுதான் நாமும் சொல்கிறோம். விருப்பமில்லாத வகுப்பறையில் கழியும் இரண்டு ஆண்டுகளும் இளமைதானே? தேநீர்க் கடைத் திண்ணையில் கழியும் இரண்டு ஆண்டுகளும் இளமைதானே? இரண்டுமே வீண்தான்.

வளைகுடாவுக்குச் சென்று இரண்டு ஆண்டு சம்பாதித்து வந்து படிக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். செல்லுங்கள். ஆனால், திரும்பும் தேதியை எழுதி வைத்துவிட்டுச் செல்லுங்கள். விசா புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் "அடுத்த வருஷம்" என்று சொல்லியே நாற்பது வயதைத் தொட்டவர்களை நாம் அறிவோம்.

செய்ய வேண்டியவை

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்றுத்தந்தார்கள் நபி (ஸல்). நாமோ கல்லூரிக்கு முன்பணம் கட்டிய பிறகு இஸ்திகாராத் தொழுகிறோம். முடிவெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய துஆ அது. இஸ்திகாராவும் செய்யுங்கள், அறிந்தவர்களிடம் மஷூராவும் செய்யுங்கள். பிள்ளையை உட்கார வைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பால் எதைச் செய்யப் போகிறாய்? கட்டணம் எந்த வழியில் வருகிறது? இந்த ஆண்டு சேராவிட்டால் இந்தப் பன்னிரண்டு மாதத்தில் என்ன செய்வாய்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் காத்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் இப்போதே விண்ணப்பிக்கலாம். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், முதலில் வேலைக்கு அனுப்புங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, உங்களிடமும் ஒரு கோரிக்கை. மண்டபத்திற்குக் குளிர்சாதனம் போட நிதி திரட்ட முடிகிற நம்மால், ஆண்டுக்கு இரண்டு மாணவர்களுக்கு வட்டியில்லா அழகிய கடன் கொடுக்க முடியாதா? ஊரில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலரும் கணித ஆசிரியரும் இருக்கிறார்கள். வாரம் இரு நாள் மக்ரிபுக்குப் பின் நுழைவுத் தேர்வு வகுப்பு நடத்த அவர்களை அழைக்க முடியாதா? பெண் பிள்ளைகளுக்கும் அதே வகுப்பில் தனி வரிசை அமைக்க முடியாதா? வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்லும் சமுதாயத்திற்கு, மாற்று வழியைத் திறந்து வைக்கும் கடமையும் உண்டு. அதைச் செய்யாமல் இளைஞனை மட்டும் குற்றம் சொல்வது நீதி ஆகாது.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான ரிஜ்க்கையும், அவசரத்திற்கும் சோம்பலுக்கும் இடையே நேரான வழியையும் வல்ல ரஹ்மான் அருள்வானாக! வட்டியின் நிழல்கூடப் படாத பட்டங்களை நம் வீடுகளில் பெருகச் செய்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.